மூன்று நாளில் முடியும் ஒரு வருஷம்

போன மாதம் ஒரு மத்தியானம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிறுசேரியில் வேலை பார்க்கும் நித்யா என்ற பெண். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு அவள் கம்பெனிதான் புது மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. நாங்கள் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பிரித்ததையெல்லாம் இனிமேல் இயந்திரமே பிரித்துவிடுமாம். பிரிக்கட்டும், என் கண்ணாடியின் பவர் ஏறியதுதான் மிச்சம்.

"மேடம், உங்க காலத்து ரூல்ஸ் எல்லாத்தையும் இதுல ஏத்திட்டோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் இங்க யாருக்கும் புரியல."

"எதும்மா?"

"முழு நாள் கணக்குல திரும்பத் திரும்ப வர்ற பள்ளமா இருந்தா, ஒரு மழைக்காலம் காத்திருக்கணும்னு போட்டிருக்கு. நட்சத்திரத்துக்கும் மழைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"பஸ்ஸுக்கும் சம்பந்தம் இருக்கு" என்றேன்.

கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு மரியாதையாக, "ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம், போதும்" என்றாள். இரண்டு வரியில் அடங்குகிற விஷயமா அது? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ரஹ்மத்துன்னிசா. வேலை பார்த்த காலமெல்லாம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தவள். எங்கள் தொலைநோக்கி இருந்தது தூரத்தில் ஒரு மலைமேல். நாங்கள் இருந்தது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தில். கீழே டியூஷன் சென்டர், எதிரே டூவீலர் மெக்கானிக். இரவில் தொலைநோக்கி எடுத்த படங்கள் காலையில் எங்களிடம் வந்து சேரும். ஆரம்பத்தில் டிஸ்கில் பதிந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தன, பிறகு இணையத்தில் வந்தன. ஆக, நான் நட்சத்திரங்களைப் பகலில் பார்த்தவள். ஆரன் சத்தத்துக்கும் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் நடுவில் பார்த்தவள்.

என் அத்தா பம்மலில் தோல் வியாபாரம் செய்தவர். "நட்சத்திரம் பாக்கப் போறவ டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு காலையில பஸ் புடிக்கிறத இங்கதாம்மா பாக்குறேன்" என்று சாகும்வரை கிண்டல் செய்துகொண்டிருந்தார். ரம்ஜான் நெருங்கினால் தெருவே என்னிடம் வந்து பிறை எப்போது தெரியும் என்று கேட்கும். பிறை பிறந்துவிட்டது என்று கணக்கு சொல்லும், நானும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டிவிட்டு, கண்ணால் பார்த்தவர் சொல்லட்டும் என்று மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கணக்கு வேறு, காண்பது வேறு என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

படித்த கதை சுருக்கமானது. தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல், பிறகு மலையில் ஒரு வருஷப் பயிற்சி. அந்த வருஷத்தில் நினைவில் நிற்பவை குளிரும் ரசமும்தான். நான் சேர்ந்த புதிதில், நம் சூரியனைத் தவிர வேறு சூரியன்களுக்குக் கோள்கள் உண்டா என்பதே கேள்வியாக இருந்தது. சில வருஷங்களில் உண்டு என்று தெரிந்தது. தெரிந்த விதம்தான் விசித்திரம். வியாழன் போன்ற பெரிய கோள்கள் தங்கள் சூரியனை ஒட்டிக்கொண்டு, நாலைந்து நாளில் ஒரு சுற்றை முடித்துக்கொண்டிருந்தன. நம் வியாழன் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொள்ளும். இவை அடுப்பங்கரையைவிட்டு நகராத பூனைகள். வெப்ப வியாழன்கள் என்று பெயர் வைத்தார்கள்.

தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை நேரில் பார்க்க முடியாது. எங்கள் வீடு பொழிச்சலூரில் இருப்பதால் இதைப் புரியவைப்பது எனக்குச் சுலபம். விமான நிலையத்தில் இறங்கும் விமானம் சில சமயம் சரியாகச் சூரியனுக்கு நேரே கடக்கும். மாடியில் ஒரு நொடி நிழல் ஓடும். நிமிர்ந்து பார்க்காமலே ஏதோ குறுக்கே போனது தெரிந்துவிடும். நாங்கள் செய்ததும் அதுதான். ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் நூறில் ஒரு பங்கு குறையும். இரண்டு மூன்று மணி நேரம் குறைந்திருந்துவிட்டுப் பழையபடி ஆகும். நேரத்துக்கு நேரம் வெளிச்சத்தைக் குறித்த வரைபடத்தில் அது ஒரு சின்னப் பள்ளமாகத் தெரியும். அதே பள்ளம் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ஏதோ சுற்றுகிறது.

பள்ளங்களைப் பரிசோதிப்பது என் வேலை. உண்மையைச் சொன்னால், பள்ளங்களைக் கொல்வது. நூறு வந்தால் தொண்ணூற்றொன்பது பொய்யாக இருக்கும்.

எனக்கு மேலே எப்சிபா மேடம். உயரமான மனுஷி, வெள்ளையில் சின்னக் கரை போட்ட காட்டன் புடவை, தோளில் ஃபிளாஸ்க் வைத்த துணிப்பை. சேலையூரிலேயே வீடு என்பதால் நடந்தே வருவார். கோள் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்கவே முடியாது. எவ்வளவு அழகான பள்ளமாக இருந்தாலும் "பள்ளம்" என்பார், அவ்வளவுதான். வரைபடத்தை மேஜையில் விரித்து, கூராகச் சீவிய பென்சிலை அதன்மேல் படாமல் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். எந்த நட்சத்திரமானாலும் அதே மூன்று, அதே வரிசையில்.

"யாரோட வெளிச்சம்?"

குறைந்தது இந்த நட்சத்திரத்தின் வெளிச்சம்தானா, அல்லது பக்கத்தில் ஒட்டித் தெரியும் வேறொன்றுடையதா என்று அர்த்தம்.

"யாரோட கடிகாரம்?"

பள்ளம் வானத்தின் நேரத்துக்கு வருகிறதா, நம் ஊர் நேரத்துக்கு வருகிறதா என்று அர்த்தம். நம் நேரத்துக்கு வருவது நம்முடையது. தெருவிளக்கு, கரண்ட், பனி, வாட்ச்மேனின் டார்ச், ஏதோ ஒன்று.

"யாருக்கு வேணும்?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லோரும் முழிப்போம். இந்தப் பள்ளம் கோளாக இருக்கவேண்டும் என்று யார் ஆசைப்படுகிறார்கள் என்று அர்த்தம். யார் ஆசைப்படுகிறார்களோ அவர்கள் அதைப் பரிசோதிக்கக் கூடாது. எழுந்து அடுத்த மேஜைக்குப் போய்விட வேண்டும். நானே பலமுறை எழுந்து போயிருக்கிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவரே ஒரு மழைநாளில் சொன்னார். கரண்ட் போய், கணினிகள் எல்லாம் அணைந்து, ஃபிளாஸ்க் காபியைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். வயது குறைவாக இருந்த காலத்தில் அவர் ஒரு கோளைக் கண்டுபிடித்ததாக அறிவித்திருந்தார். பேப்பரில் போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, புது உலகத்தைக் காட்டிய தேவனுக்குச் சபையே சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னது. அவருடைய அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாராம். சில மாதத்தில் தெரிந்தது, அது கோளே இல்லை. ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்கள்.

"தப்புன்னு எழுதிக் குடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையத் திரும்ப வாங்கிட்டேன் ரஹ்மத். அது ஒரு பக்கம். ஆனா அந்த ஸ்தோத்திரத்த எப்படித் திரும்ப வாங்குறது? பாஸ்டர்கிட்ட போய் நின்னேன். அவருக்கும் தெரியல. அப்பா அதுக்கப்புறம் முதல் வரிசையில உக்காரவே இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் மனதில் ஒரு ஆசை. இந்த மனுஷி ஓய்வு பெறுவதற்குள் ஒரு கோள், உண்மையான கோள் ஒன்று, இவர் கையால் கிடைக்கவேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்த ஆசை இருந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

ஒருமுறை ஒரு பள்ளம் கிடைத்தது. படத்தின் கிழக்கு மூலையில் ஒரு நட்சத்திரம். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் மங்கும். அளவு சரி, ஆழம் சரி. முதல் கேள்வியைத் தாண்டிவிட்டது. இரண்டாவதில் மேடம் நின்றார். "ஒவ்வொரு தடவையும் அதே நேரம், ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டி. எனக்குப் பிடிக்கல. நீ மலைக்குப் போய்ப் பாத்துட்டு வா."

மலைக்கு ஏறும் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஏழுமலை, பெருங்களத்தூர்க்காரர், அந்தப் பக்கத்து டிப்போவுக்கு மாற்றலாகிப் போனவர். தாம்பரத்திலிருந்து வருகிறேன் என்றதும் சொந்தக்காரியைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டார்.

"இன்னா மேடம், இம்மாந்தூரம்? அந்த கோயில் கோபுரம் மாரி கீதே, அந்த ஆபீசுக்கா?"

"ஆமா. நீங்க தினமும் இந்த வண்டிதானா?"

"இல்ல மேடம், மூணு செட்டு கீறோம். மூணு நாளிக்கி ஒரு தபா நம்ப டூட்டி. நைட் ஹால்ட்டு. மரத்தாண்ட வண்டியப் போட்டுட்டு, சாப்ட்டு, பாட்டு கேட்டுகினு அங்கியே படுத்துக்குவோம்."

மூன்று நாளுக்கு ஒரு தபா.

"வண்டியில லைட்டு?"

"எரிஞ்சிகினு இருக்கும் மேடம், தூங்குற வரைக்கும். பாம்பு கீம்பு கீதுன்னு ஒரு பயம். மத்த ரெண்டு செட்டும் ஊருக்குள்ள போய்ப் படுத்துக்குவானுங்கோ, நமக்கு வண்டிதான் வூடு."

மரம் தொலைநோக்கிக் கூடத்துக்கு நேர் எதிரே இருந்தது. பஸ்ஸின் விளக்கு கூரைத் திறப்பு வழியாக நுழைந்து, தொலைநோக்கிக் குழாயின் சுவரில் பட்டு, படத்தின் ஒரு மூலையில் மட்டும் லேசாகப் படர்ந்திருக்கிறது. எங்கள் கணினி அதைப் பின்னணி வெளிச்சம் என்று எண்ணிக் கழித்தது, கூடவே நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் கழித்துவிட்டது. எங்கள் வெப்ப வியாழன் என்பது ஏழுமலையின் டூட்டி சீட்டு. திரும்பி வந்து சொன்னபோது மேடம் முகத்தில் கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. அன்றே விதி எழுதப்பட்டது: முழு நாள் கணக்கில், நம் கடிகாரத்துக்கு வரும் பள்ளம் எதுவானாலும் தூக்கிப் போடு. அந்த விதி எங்கள் மானத்தைப் பலமுறை காத்தது. ஏழுமலையும் நான் கேட்டுக்கொண்டபடி, சொன்ன சொல் தவறாமல் விளக்கை அணைக்க ஆரம்பித்தார்.

சில வருஷம் போனது. மேடத்துக்கு ஓய்வு அந்த நவம்பர் கடைசியில். மழைக்காலம் ஆரம்பிக்கச் சில வாரமே இருந்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மங்கலான நட்சத்திரம். அதில் ஒரு பள்ளம் வந்தது. எத்தனையோ பள்ளம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இரண்டு நட்சத்திரங்கள் மறைத்துக்கொண்டால் பள்ளம் புனல் போலக் கூராக இறங்கும். கோள் என்றால் அடி தட்டையாக, இட்லிப் பாத்திரத்தின் அடி போல இருக்கும். இது தட்டை. அழகான தட்டை. நாலைந்து முறை வந்துவிட்டது. இடைவெளியைப் பார்த்தேன். மூன்று நாள். நேரத்தைப் பார்த்தேன். கடைசி பஸ் மலையேறி நிற்கும் நேரம். இடத்தைப் பார்த்தேன். கிழக்கு மூலை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலில் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"ஏழுமலை, மறுபடியும் லைட்டப் போட்டு வெக்கிறீங்களா?"

"இன்னா மேடம் இப்பிடி கேட்டுட்ட! நீ சொன்ன நாள்லேர்ந்து இருட்டுலதான் சோறு துன்றோம். கொழம்பு எது, தண்ணி எதுன்னு தெரில. உன் நட்சத்திரம் மேல சத்தியம் மேடம்."

மலையிலிருந்த வாட்ச்மேனும் பஸ் இருட்டாகத்தான் நிற்கிறது என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பென்சில் நுனி அந்தத் தட்டையான அடியின்மேல் மிதந்துகொண்டே இருந்தது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன், சுத்தமான நட்சத்திரம். இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

"பஸ் இல்லன்னா வேற ஏதோ ஒண்ணு. நம்ம கடிகாரத்துக்கு வருது. விதி என்ன சொல்லுது?"

"தூக்கிப் போடச் சொல்லுது மேடம். ஆனா ஒரு கோளுக்கு வருஷம் மூணு நாள்னு இருக்கக் கூடாதா? உலகத்துல எத்தனையோ இடைவெளி இருக்கிறப்ப, மூணு நாள் மட்டும் ஏழுமலைக்குன்னு எழுதி வெச்சிருக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் கண்டேன்.

"அப்படி இருந்தா, சரியா மூணு நாளா இருக்காது ரஹ்மத். ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ கூடக் குறைய இருக்கும். அதுக்கு நம்ம கடிகாரத்தத் தெரியாதே. கொஞ்சம் கொஞ்சமா நகந்து போகும்."

"நகருதான்னு இப்பத் தெரியாது மேடம். அளவுல இருக்கிற நடுக்கமே அதவிடப் பெருசு."

"தெரியாது. நிறைய நாள் போகணும். மழை முடியணும்." பென்சிலைக் கீழே வைத்தார். "அதுக்குள்ள நான் போயிருப்பேன்."

விஷயம் எப்படியோ இயக்குநர் காதுக்கு எட்டிவிட்டது. நல்ல மனிதர், மேடத்தின் மேல் பெரிய மதிப்பு. மறுவாரமே எங்கள் அறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், பிரிவுபசார விழாவுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம். அன்னிக்கு மேடையிலயே இத அறிவிச்சுட்டா எவ்வளவு நல்லா இருக்கும்? 'உறுதி செய்யப்பட வேண்டியது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"யாருக்கு வேணும் சார், இது?"

"உங்களுக்குத்தான் மேடம்."

"ஆமா. எனக்கு ரொம்ப வேணும்." வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். "அதனாலதான் வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, சொந்த விதிப்படி, அடுத்த மேஜையில் போய் உட்கார்ந்துகொண்டார். வரைபடம் என் முன்னால் கிடந்தது. இனி அது என் பொறுப்பு என்று அர்த்தம். எனக்கும் வேண்டியிருந்தது, அவரைவிட அதிகமாகவே. ஆனால் எழுந்து போக இன்னொரு மேஜை இல்லை.

பிறகு மழை வந்தது. மலைமேல் மேகம் மூடி, நாள்கணக்கில் படமே வராது. கேம்ப் ரோடு ஆறாக ஓடும். வேலை இல்லாத அந்த நாட்களில்தான் நான் அங்கே அடிக்கடி போய்வந்தேன். அங்கே என்றால் அந்தக் கோளுக்கு. பல்லாவரத்தில் ரயிலேறினால் தாம்பரம் வரும்வரை சின்னப் பயணம்தான், ஆனால் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும். கண்ணை மூடினால் நம் சூரியனைப்போல் பல மடங்கு அகலத்தில் ஒரு சூரியன். அது உதிப்பதில்லை, மறைவதில்லை. கோள் தன் ஒரே முகத்தை அதற்குக் காட்டிக்கொண்டு சுற்றுவதால், ஒரு பக்கம் எப்போதும் மத்தியானம், மறுபக்கம் எப்போதும் ராத்திரி. நடுவில் மெல்லியதாக ஒரு அந்தி. நிற்கத் தரை கிடையாது, எல்லாம் மேகமும் காற்றும். நான் அந்த அந்தியில்தான் நிற்பேன், குடையும் டிபன் பாக்ஸுமாக. குங்குமப்பூப் போட்ட பால் நிறத்தில் மேகங்கள் பகலிலிருந்து இரவுக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அங்கே மூன்று நாளுக்கு ஒரு வருஷப் பிறப்பு. எங்கள் வீட்டில் ஒரு மூட்டை அரிசி தீர்வதற்குள் அங்கே பத்து வருஷம் ஆகிவிடும். அந்தக் கணக்கில் எப்சிபா மேடத்துக்கு ஏழாயிரம் வயது, அங்கே யார் அவருக்கு ஓய்வு கொடுப்பது? இன்னொன்றும் நினைத்துக்கொள்வேன். எங்கள் வரைபடத்தில் விழுந்த பள்ளம் பல நூறு வருஷத்துக்கு முன் நடந்தது. அந்த வெளிச்சம் கிளம்பியபோது தாம்பரத்தில் தண்டவாளமே இல்லை. இத்தனை காலம் நடந்து வந்த வெளிச்சத்துக்காக நாம் ஒரு மழைக்காலம் காத்திருப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றும். தாம்பரம் வந்து கூட்டம் இடித்துத் தள்ளியதும், மேடம் போகும் நாள் நினைவுக்கு வந்துவிடும்.

விழா அன்றும் கொட்டும் மழை. பொன்னாடை, சமோசா, மிக்ஸர், நாலு பேச்சு. இயக்குநர் பேசும்போது பள்ளம் என்ற வார்த்தைகூட வரவில்லை. அலுவலகத்தின் சார்பில் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேடம் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து "யாரோட கடிகாரம்?" என்றார். கூட்டத்தில் நான் ஒருத்திதான் சிரித்தேன். சிரித்துவிட்டு, கைகழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன்.

பொங்கல் கழிந்து வானம் திறந்தது. அந்த நட்சத்திரம் இன்னும் மேற்கே சாயாமல் நல்ல உயரத்தில் இருந்தது. அடுத்த முறை பள்ளம் வரவேண்டிய இரவின் படங்கள் மறுநாள் காலை என் கணினியில் இறங்கின. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து, வரைந்து, தாளில் அச்செடுத்தேன். மழைக்கு முந்தைய தாளையும் புதிய தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தேன். வெயில் இரண்டையும் ஊடுருவி வந்தது.

இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. ஒரே அளவு, ஒரே ஆழம், அதே தட்டையான அடி. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவில்லை. புதியது இடப்பக்கமாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் நகர்ந்திருந்தது. தாள்தான் நழுவியதோ என்று மறுபடியும் ஓரங்களைச் சேர்த்து வைத்தேன். நகர்ந்தது தாள் இல்லை. அடுத்தடுத்த முறைகளையும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முந்திக்கொண்டே போனது. அதன் வருஷம் மூன்று நாளுக்கு இரண்டு நிமிஷம் குறைவு. அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிஷம் சேர்ந்து சேர்ந்து கண்ணுக்குத் தெரிய ஒரு மழைக்காலம் பிடித்தது. நித்யா கேட்ட விதி அதற்குப் பிறகு திருத்தி எழுதியதுதான்: தூக்கிப் போடாதே, ஒரு மழைக்காலம் காத்திரு.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "உங்க வண்டி நேரம் ஏதாவது மாத்தியிருக்காங்களா?"

"எப்பவும் போலத்தான் மேடம். ஏன், மறுக்கா எதனா பேஜாராயிடுச்சா?"

"இல்ல ஏழுமலை. இனிமே லைட்டப் போட்டே சாப்பிடுங்கன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா போட்றாதீங்க."

ஓடிப்போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். வீடு பத்து நிமிஷ நடை. போகவில்லை. கடிகாரம் நம்முடையது இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். அது கோள்தானா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும். கொடுத்த ஸ்தோத்திரத்தைத் திரும்பக் கேட்டு அந்த மனுஷி இன்னொரு முறை நிற்கக் கூடாது. பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் வேறொரு குழுவுக்கு எழுதினோம். சுற்றும் பொருள் இழுப்பதில் நட்சத்திரமே லேசாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை அவர்கள் அளந்தார்கள். சுற்றுவது இன்னொரு நட்சத்திரமாக இருந்தால் ஆட்டம் பயங்கரமாக இருந்திருக்கும். இது மெதுவான ஆட்டம், வியாழனைவிடக் கொஞ்சம் எடை குறைந்த ஒன்றின் இழுப்பு. அவர்கள் பதில் வந்த அன்று சாயங்காலம்தான் மேடம் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். உள்ளே போனார். அலமாரியின் மேல் அந்தச் சுவர்க் கடிகாரம் பேட்டரி போடாமல் சாய்ந்து நின்றது. சாப்பாட்டு மேஜையில் நான் வரைபடத்தை விரித்தேன். அவர் பென்சிலைத் தேடி எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"யாரோட வெளிச்சம்?"

"அந்த நட்சத்திரத்தோடதுதான் மேடம். பக்கத்துல கலப்படம் இல்ல. ஆட்டத்தையும் அளந்தாச்சு."

"யாரோட கடிகாரம்?"

"அதோடதேதான். இப்பல்லாம் பஸ்ஸுக்கு முன்னாடியே வந்துடுது மேடம்."

பென்சில் நின்றது. மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். எனக்கு, உங்களுக்கு, இயக்குநருக்கு, ஏழுமலைக்குக்கூட என்று பதில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பென்சிலை முதல்முறையாகத் தாளின்மேல் வைத்து, அந்தத் தட்டையான அடியின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

"கோள்" என்றார்.

நான் வாய்விட்டே அழுதேன். அவர் அழவில்லை. புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பாஸ்டர்கிட்ட சொல்வீங்களா மேடம்? இந்தத் தடவை தைரியமா ஸ்தோத்திரம் சொல்லலாம்."

"புதுசா எதுக்கு ரஹ்மத்? அப்பா அழுதுகிட்டே சொன்னது ஒண்ணு நிலுவையிலயே நிக்குதே. தேவன் அத இதுக்குன்னு வெச்சுக்கட்டும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எனக்குக் காபி கலக்க எழுந்து போனார்.